அம்மா வீட்டுக் காளைக் கன்று: பாலை நிறுத்தியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி: பேரேடு (திருப்பூர்)

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எட்டு மாதமாகப் பால், தயிர், நெய் மூன்றையும் நிறுத்திவிட்டேன். இறைச்சி சின்ன வயதிலிருந்தே இறங்காது. ஆகையால் அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. முட்டை மட்டும் உண்டு, நாளுக்கு ஒன்று. விலங்கிலிருந்து வரும் எதையும் தின்னாமல் இருப்பதற்கு ‘நனிசைவம்’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். முட்டை இருப்பதால் அந்தப் பந்தியில் எனக்கு இலை கிடையாது. வீட்டில் என் பெயர் ‘தயிர்கூடத் தொடாதவள்’. மாமியார் உறவினர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவதே அப்படித்தான்.

புத்தகம் படித்து வந்த முடிவல்ல இது. ஒரு முளைக்குச்சியைப் பார்த்து வந்தது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் அம்மா இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகள் வைத்திருக்கிறார், ஒன்று செவலை, ஒன்று கருப்பி. போன புரட்டாசியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது செவலை கன்று ஈன்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காளைக் கன்று. காலையில் சரக்கு ஆட்டோவில் ஒருவர் வந்தார். கன்றின் வாயில் கட்டியிருந்த வாய்க்கூட்டைக் கழற்றி அம்மாவிடமே கொடுத்தார். கன்றை இரண்டு கைகளிலும் அள்ளித் தூக்கிக்கொண்டு போனார். முந்நூறு ரூபாய். அன்று மாலையே அம்மா அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டுச் செவலைக்குத் தவிடு வாங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் செவலை பாலை இறக்கவில்லை. அம்மா மடியை நீவி நீவிப் பார்த்தார். அதுவோ கன்றைக் கட்டியிருந்த முளைக்குச்சியை நக்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து நான் அந்தக் குச்சியைத் தொட்டுப் பார்த்தேன். சொதசொதவென்று ஈரமாக இருந்தது. திருப்பூர் திரும்பியதும் வரக்காப்பிக்கு மாறிவிட்டேன்.

இப்போது சங்கடம் வேறு மாதிரி வருகிறது. நான் பி.காம் படித்ததே சொசைட்டியில் பால் ஊற்றிய காசில். அம்மாவிடம் மாட்டை விற்றுவிடச் சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் பால் குடிக்கிறார்கள். முன்பு நாளுக்கு ஒன்றரை லிட்டர் வாங்கினோம், இப்போது ஒரு லிட்டர். என் அரை லிட்டர் நின்றதால் எந்த மாட்டின் கயிறு அவிழ்ந்தது? அம்மா ஊற்றும் பாலைச் சொசைட்டி இன்றும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மனசாட்சிக்கு ஒரு தைலம் தடவிக்கொண்டு, விளைவே இல்லாத ஒன்றைச் செய்கிறேனா? விளைவு உண்டு என்றால் அதை எப்படி அளப்பது? ‘ஜீவகாருண்யம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். நான் பற்று வரவு எழுதிப் பழகியவள். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று யாராவது சொன்னால் நல்லது.


பதில்: சினை ஊசிக்காரன்

அம்மணி, கால்நடைத் துறையில் ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் செவலைக்குச் சினை பிடிக்கப் போட்டது போன்ற ஊசிகளை எத்தனை ஆயிரம் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் இந்தக் கணக்கில் என் பெயரும் பற்றுப் பக்கத்தில் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காளைக் கன்று எப்போதும் வேண்டாத பொருளாக இருந்ததில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் காங்கேயம் மாடு காளைக் கன்று போட்டால்தான் வீட்டில் கொண்டாட்டம். ஏர் உழ, வண்டி இழுக்க, கிணற்றில் கவலை (மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்றம்) இறைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மோட்டார் வந்தது, கவலை போனது. டிராக்டர் வந்தது, ஏர் போனது. ஜெர்சிக் கலப்புக் காளைக்குத் திமிலும் சரியாக இருக்காது, வெயிலும் தாங்காது. அதை நுகத்தில் பூட்டுவார் யார்?

நாடு முழுக்க எடுத்த கணக்கைப் பாருங்கள். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஆண் மாடுகள் 6.79 கோடி. 2019இல் 4.74 கோடி. அதே ஏழு ஆண்டுகளில் பசுக்கள் 12.30 கோடியிலிருந்து 14.51 கோடியாகக் கூடிவிட்டன. பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அப்புறம் எங்கே போகின்றன என்பதை நீங்கள் சரக்கு ஆட்டோவில் பார்த்துவிட்டீர்கள்.

இனி உங்கள் பேரேடு. நான் பார்த்த மாடுகளை வைத்துத் தோராயமாகச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கலப்பு மாடு சராசரியாக நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கும் என்று வையுங்கள். வற்றுகிற மாதங்களையும், சினை நிற்காமல் போகும் தவணைகளையும் கழித்தால் ஆண்டுக்கு இரண்டாயிரம் லிட்டர் என்று வரும். உங்கள் குடும்பம் வாங்கிய ஒன்றரை லிட்டர் ஆண்டுக்குச் சுமார் 550 லிட்டர். அதாவது கால் மாடு. ஒரு மாடு ஆண்டுக்கு ஒரு கன்று, இரண்டு ஆண்டுக்கு ஒரு காளைக் கன்று. கால் மாட்டுக்கு எட்டு ஆண்டுக்கு ஒரு காளைக் கன்று. நாலைந்து ஈற்றுக்குப் பிறகு மாடே அடிமாடாகப் போகும். அந்த வகையில் பதினாறு முதல் இருபது ஆண்டுக்கு ஒரு பசு. இதில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். சின்னத் தொகைதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

சொசைட்டி இன்றும் பால் வாங்குகிறதே என்கிறீர்கள். உங்கள் தெருக் கடைக்காரர் பாலைப் பெட்டிக் கணக்கில் எடுப்பவர். ஒரு பாக்கெட் குறைந்தது என்பதற்காகப் பெட்டியைக் குறைக்கமாட்டார். நாலு நாள் மிஞ்சினால் ஒரு நாள் ஒரு பெட்டியையே குறைப்பார். அந்தப் பெட்டியைக் குறைக்க வைத்த பாக்கெட் உங்களுடையதா, எதிர்வீட்டாருடையதா என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது. இருந்தால் ஒரு பெட்டியே உங்கள் கணக்கு. ஆகையால் சராசரியை எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. உங்கள் அம்மாவின் பால் இதில் நாளையே நிற்காது. எங்கோ ஒரு வீட்டில் மூன்றாவது மாடு வாங்கலாமா என்று யோசிப்பவர் வாங்காமல் இருப்பார். விளைவு அப்படித்தான் முகமில்லாமல் வரும்.

இதை எழுதியது முட்டைக்காக. நாளுக்கு ஒரு முட்டை சாப்பிடுகிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பண்ணைக் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டைக்குச் சற்று மேலே இடும். எழுபது, எண்பது வாரம் ஆனால் கறிக்கு ஏற்றிவிடுவார்கள். அதுவரைக்கும் கூண்டில் அதற்குக் கிடைக்கும் இடம் உங்கள் அலுவலகத்து ஏ4 தாளைவிடச் சிறியது. நாளுக்கு ஒரு முட்டை என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோழி. அந்தக் கோழியோடு முட்டையிலிருந்து வெளிவந்த சேவல் குஞ்சு ஒன்றும் உண்டு. அது முட்டை இடாது, கறிக்கும் வளராது. முதல் நாளே தீர்த்துவிடுவார்கள். தப்பியவற்றில் சிலவற்றைச் சாயத்தில் முக்கித் தெருவில் விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஜெர்மனி 2022இலிருந்து இப்படிக் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்திருக்கிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

ஆக, குடும்பம் முழுக்கப் பால் குடித்தால் எட்டு ஆண்டுக்கு ஒரு கன்று. நீங்கள் ஒருவர் முட்டை சாப்பிட்டால் ஆண்டுக்கு இரண்டு உயிர். கன்று பெரியது, கண் பெரியது, தாய் கத்துவது நமக்குக் கேட்கிறது. கோழி கத்துவது நாமக்கல் பக்கத்துக் கொட்டகைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஒரு கன்றும் ஒரு குஞ்சும் சமமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எட்டு ஆண்டில் ஒன்றுக்குப் பதினாறு என்றாலும் கன்றுதான் கனமா என்பதை நீங்கள்தான் எடைபோடவேண்டும்.

தீவனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் மாடு தின்பது சோளத்தட்டு, தவிடு, புண்ணாக்கு. பெரும்பகுதி நாம் தின்ன முடியாதது. பண்ணைக் கோழி தின்பது மக்காச்சோளமும் சோயாவும். அதற்கென்றே காடு காடாக விதைக்கிறார்கள்.


பதில்: கல்மண்டபம்

அக்கா, எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி. நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு வரவை நீங்கள் விட்டுவிட்டீர்கள், அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் வேலை செய்யும் இடத்தில் என் டிபன் டப்பாவைப் பார்த்து ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். கையில் டிகிரி காபி. அவர் காபிக்குப் பால் கொடுத்த மாடுதான் வற்றிய பிறகு என் டப்பாவுக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர் கை சுத்தம், என் கை அசுத்தம். அடிமாட்டை வாங்க ஆள் இருப்பதால்தான் மாடு வளர்ப்பவர் அந்தக் காசையும் போட்டு அடுத்த கறவை வாங்குகிறார். நாங்கள் தின்பதை நிறுத்தினால் உங்கள் பால் விலை ஏறும்.

உங்கள் அம்மாவின் முந்நூறு ரூபாயைப் பற்று எழுதும்போது பாலுக்குப் பாதி, கறிக்குப் பாதி என்று எழுதுங்கள். ‘கொன்றால் பாவம், தின்றால் போச்சு’ என்று எங்கள் ஆயா சிரித்துக்கொண்டே சொல்வார். குடித்தாலும் போச்சு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்கள் பாலை விட்டீர்கள். அதனால் உங்கள் பேச்சு எனக்குக் கேட்கிறது. பால் குடித்துக்கொண்டு எனக்குப் போதனை செய்பவர் பேச்சு கேட்காது, அவ்வளவுதான்.


பதில்: வெண்ணாறு

தஞ்சாவூர்ப் பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம் வைத்திருக்கிறேன். மாடு, கோழி எல்லாம் சரி. அரிசியில் உயிர் இல்லை என்று நினைத்துக்கொண்டு யாரும் சோற்றில் கை வைக்கவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

நெல் பூட்டை (கதிர்) கட்டும் நேரத்தில் எலி இறங்கும். தின்பதைவிட வெட்டிப் போடுவதும், வளைக்குள் கதிரை இழுத்துப் பதுக்குவதும் அதிகம். கிட்டி வைப்பவரைக் கூப்பிடுவோம். மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து நாண் கட்டிய பொறி அது, வெளியூரில் தஞ்சாவூர்க் கிட்டி என்பார்கள். சாயங்காலம் வரப்போரம் வரிசையாக நட்டுவிட்டுப் போவார். விடியற்காலையில் வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது கழுத்து இறுகிய எலிகள் தொங்கும். எலிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணுவதற்காக வாலைப் பிடித்து வரப்பில் அடுக்குவார். ஒரு தடவை என் பேரன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு வேண்டாம் என்றான். மூன்றாம் நாள் பசி வந்துவிட்டது.

மருந்து அடித்தால் செத்து மிதக்கும் நண்டும் குறவை மீன் குஞ்சும் தனிக் கணக்கு. சினை ஊசிக்காரர் ஐயா ஆண்டுக்கு எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டாரே, இதையும் சேர்த்துக்கொள்வாரா?


பதில்: சினை ஊசிக்காரன்

வெண்ணாறு, சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் சேர்க்கக் கூடாது. கோழி தின்னும் மக்காச்சோளக் காட்டிலும் எலி உண்டு, மருந்து உண்டு. கோழிக்குப் போட்ட தீவனம் முழுவதும் முட்டையாக வராது. பாதிக்கு மேல் அதன் உடம்புக்கும் எச்சத்துக்கும் போய்விடும். ஆகவே முட்டை சாப்பிடுபவர் கோழியையும் சேர்த்துச் சுமக்கிறார், அந்த எலியையும் சுமக்கிறார். சோறு தின்பவருக்கு எலி மட்டும். செவலை தின்னும் வைக்கோல் எப்படியும் விளைந்த நெல்லின் மிச்சம் என்பதால் அதற்குப் புதிதாக எலி சாகவில்லை. எலி சாகிறது என்பதற்காகக் கன்றைப் பற்றிக் கவலைப்படாதே என்று யாராவது சொன்னால், கடன் ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொன்றையும் வாங்கு என்பது போலத்தான்.

கிட்டி பிடிப்பவர் கூலியை ஒழுங்காகக் கொடுங்கள்.


பதில்: பேரேடு (திருப்பூர்)

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாதக் கடைசி.

ஐயா, அந்தச் சாயக் குஞ்சு என்னை அடித்துவிட்டது. என் மகளுக்கு ஆறு வயதில் தேர்க் கடையில் ரோஸ் நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், பத்து ரூபாய். செருப்புப் பெட்டியில் துணி விரித்துப் பல்பு போட்டு வைத்தோம். கையில் எடுத்தால் உள்ளங்கை முழுக்க ரோஸ் சாயம் ஒட்டும். கழுவினாலும் கோடுகளுக்குள் தங்கியிருக்கும். நாலாம் நாள் கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. நம் கைப்பக்குவம் சரியில்லை என்று நான் நினைத்தேன். அது எங்கிருந்து வந்தது, ஏன் அத்தனை மலிவு என்று கணக்கு எழுதும் எனக்கே கேட்கத் தோன்றவில்லை.

முட்டையை அன்றே நிறுத்திவிட்டேன். பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டு நாட்டுக் கோழி முட்டை, கிடைக்கும்போது. அந்த வீட்டிலும் சேவல் பொங்கலுக்குக் குழம்பாகும். அதற்குள் அது ஓர் ஆண்டு குப்பையைக் கிளறித் திரிகிறது, தினமும் என் மல்லிச் செடியையும் சேர்த்து.

கல்மண்டபம், நீங்கள் சொன்ன பாதிப்பாதியை எழுதிக்கொண்டேன். அலுவலகத்தில் நானும் ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்திருக்கிறேன். அதற்கு எந்தத் தலைப்பும் வேண்டியதில்லை.

அம்மாவிடம் பேசினேன். அடுத்து காளைக் கன்று பிறந்தால் விற்காதே, தீவனச் செலவை நான் மாதாமாதம் அனுப்புகிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்கிற குரலில்தான் சொல்லியிருக்கவேண்டும், அம்மா சிரித்துவிட்டார். ‘ஒன்றைக் கட்டலாம். அதற்கடுத்த வருஷத்துக் காளையை எங்கே கட்டுவது? உன் அப்பார்ட்மெண்ட்டிலா?’ என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘வண்டி வரும் அன்றைக்கு நானும் காட்டுப் பக்கம் போய்விடத்தான் பார்ப்பேன். போன தடவை நீ வந்திருந்ததால் வீட்டில் இருந்தேன்’ என்றார். முப்பது வருடமாக மாடு வைத்திருப்பவர் என்னிடம் இதைச் சொன்னது இதுவே முதல் தடவை.


பதில்: சினை ஊசிக்காரன்

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று அம்மணி. இப்போது பாலினம் பிரித்த விந்தூசி வந்திருக்கிறது. பத்து ஈற்றில் ஒன்பது கிடாரிக் கன்றாகப் பிறக்கும். விலை சற்றுக் கூடுதல், சினை நிற்பதும் சற்றுக் குறைவு. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இதிலும் முழுக்க நிம்மதி கிடைக்காது. கிடாரி அத்தனையும் வளர்ந்து கறவையானால், வற்றிய பின் போகிற மாடுகளும் அத்தனை கூடும். காளைக் கன்றின் பற்று குறையும், கிழட்டுப் பசுவின் பற்று ஏறும்.


பதில்: பத்தாண்டு நனிசைவன்

மாட்டுக்குச் சினை ஊசி போட யோசனை கேட்கும் நனிசைவரை முதன்முறையாகப் பார்க்கிறேன்! இது சுரண்டலை நாசூக்காக்குவதுதான். மாடு நம் பொருள் அல்ல என்பதுதான் அடிப்படை. அதை விட்டுவிட்டு எட்டு ஆண்டு, பதினாறு உயிர் என்று கணக்குப் போட்டால் கணக்கில்தான் நிற்போம்.

இன்னொன்று: முட்டையையும் நிறுத்திவிட்டீர்கள் என்றால் பி12 மாத்திரையை இன்றே தொடங்குங்கள். கீரையிலும் பயறிலும் அது இல்லை. முதல் மூன்று ஆண்டு நான் வீம்புக்கு எடுக்காமல் இருந்து, பாதம் மரத்துப்போய் மருத்துவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தயிருக்கு ஏங்கினால் வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சி, இளஞ்சூட்டில் நாலு மிளகாய்க் காம்பு போட்டு மூடி வையுங்கள். முதல் தடவை வருவது தயிர் அல்ல, உறைமோர்தான். அதை ஊற்றி இரண்டாம் தடவை உறைய வைப்பதே சாப்பிட ஆகும்.


பதில்: பேரேடு (திருப்பூர்)

பி12 வாங்கிவிட்டேன். வேர்க்கடலைத் தயிர் இரண்டாம் தடவையும் கடலை வாசம்தான் அடிக்கிறது. கொஞ்சம் பெருங்காயம் தட்டி மோராக்கிக் குடித்தால் தொண்டையில் இறங்குகிறது. மாமியார் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை.

நனிசைவரே, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். மாடு நம் பொருள் அல்ல என்று நான் எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டுத்தரையில் நிற்கும் இரண்டும் அறுபத்தேழு வயது அம்மாவை நம்பி நிற்கின்றன, அம்மா அவற்றை நம்பி இருக்கிறார். நான் வேறு வழி செய்து தரும்வரை அங்கே போய் அடிப்படை பேச எனக்கு யோக்கியதை இல்லை.

செவலைக்குப் போன மார்கழியிலேயே ஊசி போட்டாயிற்று, பழைய ஊசிதான். புரட்டாசிக் கடைசியில் தெரியும். கருப்பி இன்னும் சினைக்கு வரவில்லை. கத்தும்போது அந்தப் புது ஊசியைக் கேளுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். ‘கூடுதல் காசு யார் கொடுப்பது?’ என்றார். நானே கொடுக்கிறேன், முட்டைக் காசு மிச்சம் ஆகிறது என்றேன்.